கடல் இல்லாத ஊருக்கும் புயல் வரும்!

கடல் எங்கே? கள்ளக்குறிச்சி எங்கே?

கள்ளக்குறிச்சியில் இருந்து கிழக்கே சுமார் 90 கிலோமீட்டர் போனால்தான் கடலைப் பார்க்க முடியும். விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து பிரிந்து, 2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந்தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. இந்த மாவட்டத்துக்கு ஒரு சாண் கடற்கரை கூடக் கிடையாது. மேற்கே கல்வராயன் மலை. வடக்கே தென்பெண்ணை ஆறு. நடுவே நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகிற வயல்கள்.

ஆகவே, "புயல் வருகிறது" என்று செய்தி வந்தால், இங்கே பலர் கவலைப்படுவது இல்லை. "அது கடலோரத்துக்காரர்கள் பாடு. நமக்கு என்ன?" என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

அப்படிப் படுத்தவர்களை, 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் தண்ணீர் வந்து எழுப்பியது.

அந்தப் புயலின் பெயர் "பெங்கல்". அது எப்படிப் பிறந்தது? எப்படி நகர்ந்தது? கடற்கரையில் கரை ஏறிய புயல், மலையடிவாரத்து மக்களை எப்படிப் பிடித்தது? இதைத் தெரிந்துகொண்டால், அடுத்த புயல் வரும்போது உயிரையும் உடைமையையும் காப்பாற்றிக்கொள்ளலாம்.

கடலில் கொதிக்கும் அண்டா

இட்லி வேகும் பானையின் மூடியைத் திறக்கிறீர்கள். ஆவி குபீர் என்று கிளம்பிக் கையில் படுகிறது. "ஆ" என்று கையை உதறுகிறீர்கள். கையைப் பார்த்தால் ஈரமாக இருக்கிறது. என்ன நடந்தது? ஆவி தண்ணீராக மாறியது. அப்படி மாறும்போது, தன்னுள் அடக்கி வைத்திருந்த உஷ்ணத்தை வெளியே விட்டது. அந்த உஷ்ணம்தான் கையைச் சுட்டது.

புயலின் ரகசியம் இவ்வளவுதான்!

வங்கக் கடலின் மேல்தண்ணீர் நல்ல சூடாக இருக்கும் காலம் உண்டு. அந்தச் சூடு இருபத்தாறரை டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால், புயல் உண்டாக வழி பிறக்கிறது. சூடான கடலில் இருந்து நீராவி ஓயாமல் மேலே போகிறது. மேலே குளிர். அங்கே போனதும் நீராவி தண்ணீர்த் துளியாகிறது, மேகமாகிறது. அடங்கி இருந்த உஷ்ணம் வெளிப்படுகிறது. சுற்றி உள்ள காற்று சூடேறி இன்னும் மேலே போகிறது.

காற்று மேலே போனால் கீழே என்ன ஆகும்? அந்த இடத்தில் காற்றின் அழுத்தம் குறையும். இதைத்தான் "காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி" என்கிறார்கள். அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி நாலா பக்கத்தில் இருந்தும் காற்று ஓடி வருகிறது. வரும் வழியில் கடலில் இருந்து இன்னும் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. அதுவும் மேலே போகிறது. மேலும் உஷ்ணம், மேலும் காற்று, மேலும் ஈரம்! அடுப்பு தானே விறகு தேடிக்கொள்கிற கதைதான்.

ஓடி வரும் காற்று நேராக நடுவில் போய்ச் சேருவது இல்லை. பூமி சுழல்கிறது அல்லவா? அதனால் காற்றின் பாதை வளைகிறது. நம் பக்கத்தில், கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகக் காற்று சுற்றத் தொடங்குகிறது. சுற்றும் வேகத்தை வைத்துத்தான் பெயர் மாறுகிறது. மணிக்கு 31 கிலோமீட்டர் வேகம் வந்தால் "தாழ்வு மண்டலம்". 50 கிலோமீட்டர் என்றால் "ஆழ்ந்த தாழ்வு மண்டலம்". 62 கிலோமீட்டரைத் தொட்டால் அது "புயல்". 89-ஐத் தொட்டால் "தீவிர புயல்". 222-க்குப் போனால் "சூப்பர் புயல்".

அமெரிக்காவில் இதற்கு "ஹரிக்கேன்" என்று பெயர். ஜப்பான் பக்கத்தில் "டைபூன்" என்கிறார்கள். பெயர்தான் வேறு. ஆள் ஒன்றே.

பெயர் வைப்பது யார்?

நம் பக்கத்துக் கடல்களில் உண்டாகும் புயல்களுக்கு 13 நாடுகள் முறை வைத்துப் பெயர் தருகின்றன. இந்தியா, இலங்கை, வங்காளதேசம், தாய்லாந்து, ஓமன் ஆகியவை அவற்றில் சில. "பெங்கல்" என்பது சவுதி அரேபியா கொடுத்த பெயர்.

பெயர் எதற்கு? "இத்தனையாவது டிகிரியில் உள்ள புயல்" என்று சொன்னால் யாருக்கு நினைவிருக்கும்? பெயர் சொன்னால் குழந்தைக்கும் நினைவிருக்கும். எச்சரிக்கை வீட்டுக்கு வீடு போய்ச் சேரும்.

நின்றுவிட்ட புயல்

புயலுக்குள்ளே காற்று பேய் வேகத்தில் சுற்றினாலும், புயல் அப்படியே பறந்து வருவது இல்லை. பெரும்பாலும் சைக்கிள் போகும் வேகத்தில்தான் அது நகரும். ஆற்று வெள்ளத்தில் மிதக்கும் கட்டை, வெள்ளம் போகும் திசையில் போகிறது. அதுபோல, ஆகாயத்தின் உயரத்தில் வீசும் பெரிய காற்றுகள் புயலைத் தள்ளிக்கொண்டு போகின்றன. அந்தக் காற்றுகள் சோர்ந்துவிட்டால்? கட்டை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும். புயலும் நிற்கும்.

பெங்கல் அப்படித்தான் நின்றது.

2024-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி அது புயலாக மாறியது. மறுநாள் 30-ந்தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர். புயல்களின் கணக்கில் இது பெரிய வேகம் அல்ல. 2018-ம் ஆண்டு நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயல் 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. டெல்டாவில் தென்னை மரங்களை இலட்சக்கணக்கில் சாய்த்தது. அதோடு ஒப்பிட்டால் பெங்கல் சாதுவான புயல்.

ஆனால் கரை கடந்த பிறகு, அது புதுச்சேரி அருகிலேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. நின்ற இடத்தில் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 1-ந்தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர்.

50 சென்டிமீட்டர் மழை என்றால் எவ்வளவு? ஒரு ஏக்கர் நிலத்தில் மட்டும் 20 இலட்சம் லிட்டர் தண்ணீர்! ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் 12 ஆயிரம் லிட்டர் லாரிகளில் நிரப்பினால், ஏக்கருக்கு 160 லாரிகளுக்கு மேல் வேண்டும்.

பிறகு அது மெதுவாக மேற்கே நகர்ந்தது. வலு இழந்தது. புயல் என்ற பட்டமும் போய்விட்டது. "இனி பயம் இல்லை" என்று கடற்கரை மூச்சு விட்டது. அப்போதுதான் உள்நாட்டில் ஆபத்து தொடங்கியது. அடுத்த 24 மணி நேரத்தில், கடலைக் கண்ணால் காணாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்கள் எங்கும் பேய்மழை.

மூன்று ஆயுதங்கள்

புயலுக்கு ஆயுதங்கள் மூன்று.

முதல் ஆயுதம் காற்று. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், அது தள்ளும் பலம் நாலு மடங்கு ஆகும். 50 கிலோமீட்டர் காற்றில் தப்பிய கூரை, 100 கிலோமீட்டர் காற்றில் பிய்த்துக்கொண்டு போவது இதனால்தான்.

இரண்டாவது ஆயுதம் கடல் அலை. புயல் காற்று கடல் தண்ணீரைச் சுவர் போல எழுப்பி ஊருக்குள் தள்ளும். 1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி இரவு தனுஷ்கோடியை அழித்தது இதுதான். அன்று ஒரு பாசஞ்சர் ரெயில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு அடித்துக்கொண்டு போகப்பட்டது.

மூன்றாவது ஆயுதம் மழை.

முதல் இரண்டும் கடற்கரையில் வேலை செய்யும். நிலத்துக்குள் வந்ததும் அவை ஓயத் தொடங்கும். சூடான கடல்தான் புயலுக்கு உணவு. நிலத்துக்கு வந்துவிட்டால் உணவு கிடைக்காது. மரமும் மேடும் குறுக்கே நின்று காற்றைத் தடுக்கும். ஆகவே காற்று அடங்கும்.

ஆனால் அது சுமந்து வந்த தண்ணீர்? அது எங்கேயாவது விழுந்துதானே ஆக வேண்டும்! கள்ளக்குறிச்சிக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: காற்று கரையோரத்தில் அடங்கினாலும் மழை மலை வரைக்கும் வரும்.

மலை செய்யும் வேலை

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அதன் மேலே வெள்ளிமலை போன்ற ஊர்கள் இருக்கின்றன. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள்.

கடலில் இருந்து வரும் ஈரக்காற்றுக்குக் குறுக்கே மலை நின்றால் என்ன ஆகும்? காற்று மலைச்சரிவில் ஏறித்தான் ஆக வேண்டும். மேலே ஏற ஏறக் குளிர். குளிர்ந்ததும் ஈரத்தைத் தாங்க முடியாமல் கொட்டிவிடும். நனைந்த துணியைப் பிழிவதைப் போல, மலை மேகத்தைப் பிழிகிறது.

அந்தத் தண்ணீர் மலையில் தங்காது. சரிவில் பாயும். கல்வராயன் மலையில் பிறப்பவைதான் கோமுகி ஆறும், மணிமுக்தா ஆறும். கோமுகியைக் கச்சிராயப்பாளையம் அருகே அணை கட்டி நிறுத்தி இருக்கிறார்கள். மணிமுக்தாவுக்கும் அணை உண்டு. நல்ல மழை பெய்தால் இவைதான் வயலுக்கு வாழ்வு. ஒரே நாளில் அளவுக்கு மீறிப் பெய்தால், இவையே கவலை. சமவெளியில் ஆறு மெல்ல ஏறும். மலையாறு அப்படி அல்ல. மேலே மழை பெய்த சில மணி நேரத்தில் கீழே வெள்ளம் வந்துவிடும். கீழே வெயில் அடித்துக்கொண்டு இருந்தாலும் வரும்!

மலைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மண் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துவிடும். பிடிப்பு விட்டுப்போகும். பிறகு பாறையும் மண்ணுமாகச் சரியும். 2024 டிசம்பர் 1-ந்தேதி மாலை, திருவண்ணாமலை மலைச்சரிவில் இருந்த வீட்டின் மேல் மண் சரிந்தது. 7 பேர் மாண்டுபோனார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். கடற்கரையில் புயல் ஓய்ந்த பிறகு நடந்த கொடுமை இது.

அடுத்த ஆண்டு, 2025 நவம்பர் கடைசியில், இலங்கையிலும் இதையே பார்த்தோம். "டித்வா" புயல் அந்த நாட்டின் மேல் மெல்ல நகர்ந்தது. கண்டி, பதுளை, நுவரெலியா முதலிய மலைப்பகுதிகள் சரிந்தன. நாடு முழுவதிலும் 600-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களும் துயரத்தில் மூழ்கின. அங்கேயும் பெரும்பாலான உயிர்களைக் குடித்தது காற்று அல்ல, மழையும் மண்ணும்தான்.

நள்ளிரவில் வந்த தென்பெண்ணை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடக்கு எல்லைப் பக்கம் போவோம். தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறக்கிறது. கிருஷ்ணகிரி வழியாக வந்து சாத்தனூர் அணையில் தேங்குகிறது. அங்கிருந்து மூங்கில்துறைப்பட்டு, திருக்கோவிலூர் வழியாக ஓடிக் கடலூரில் கடலில் சேருகிறது.

ஊத்தங்கரையில் பெய்த மழை எல்லாம் இந்த ஆற்றுக்குத்தான் வந்தது. சாத்தனூர் அணையின் முழு உயரம் 119 அடி. அணை ஏற்கனவே ஏறக்குறைய நிறைந்து இருந்தது. வருகிற தண்ணீரைத் தாங்க முடியவில்லை. டிசம்பர் 2-ந்தேதி விடிவதற்கு முன்னால், நொடிக்கு 1 இலட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது.

"கன அடி" என்றால் புரியாமல் போகலாம். லாரிக் கணக்கில் சொல்லுவோம். ஒவ்வொரு நொடியும் சுமார் 400 தண்ணீர் லாரிகளைக் கவிழ்த்தது போல! அந்த வேகத்தில் விட்டால், நிறைந்த அணை முழுவதும் 12 மணி நேரத்தில் காலியாகிவிடும்.

ஆறு கரை புரண்டது. திருக்கோவிலூர்ப் பக்கத்திலும், விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலும் ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. விழுப்புரம் மாவட்டம் அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மூழ்கியது. ரெயில்களும் நின்றன. புயல் கரை கடந்து ஒன்றரை நாள் ஆகிவிட்டது. ஆனால் புயலின் தண்ணீர், இப்போதுதான் மேற்கில் இருந்து திரும்பிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. வரும்போது மேகமாக வந்தது. திரும்பும்போது வெள்ளமாகப் போனது.

யார் மீது தவறு?

"முன்னறிவிப்பு இல்லாமல் அணையைத் திறந்தார்கள்" என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. "பல தடவை எச்சரித்த பிறகுதான் திறந்தோம், திறக்காவிட்டால் அணைக்கே ஆபத்து" என்று அரசாங்கம் பதில் சொன்னது.

இரண்டு பக்கத்தையும் யோசித்துப் பார்க்க வேண்டும். அணையில் தண்ணீர் குறைந்தால் விவசாயி கேட்பான், "கோடைக்கு என்ன செய்வேன்?" என்று. அணையை நிறைத்து வைத்தால், புயல் மழையைத் தாங்க இடம் இருக்காது. புயல் வரும் என்று சில நாட்களுக்கு முன்னால் தெரிகிறது. எவ்வளவு மழை, எந்த ஆற்றுக்கு மேலே கொட்டும் என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொல்வது கடினம். ஆகவே, மழைக் காலத்தில் அணையில் எவ்வளவு இடம் விட்டு வைப்பது என்பது கட்சிச் சண்டைக்கு உரிய விஷயம் அல்ல. என்ஜினீயர்களும், வானிலை நிபுணர்களும், விவசாயிகளும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

இன்னொன்றும் உண்டு. எச்சரிக்கை விடுவது ஒன்று. அது போய்ச் சேருவது வேறு. நள்ளிரவில், மின்சாரம் இல்லாத ஊரில், செல்போன் அணைந்து கிடக்கும் வீட்டில், எச்சரிக்கை எப்படி நுழையும்? கோவில் மணியும் தண்டோராவும் அங்கே இன்னும் தேவைப்படுகின்றன.

இழப்பும் ஈடும்

வெள்ளம் வடிந்த பிறகுதான் கணக்குத் தெரிந்தது. நெல் சாய்ந்து முளைத்தது. தண்ணீர் நின்ற வயலில் மரவள்ளிக் கிழங்கு அழுகியது. ஆடு மாடுகள் போயின.

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட ரேஷன் அட்டைக் குடும்பங்களுக்குத் தலா 2,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. நெல் உள்ளிட்ட பாசனப் பயிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமாகி இருந்தால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மாடு இறந்தால் 37,500 ரூபாய். உடனடி உதவியாக 2,000 கோடி ரூபாய் வேண்டும் என்று மத்திய அரசிடம் தமிழக அரசு கேட்டது. டிசம்பர் 6-ந்தேதி, பேரிடர் நிதியில் இருந்து 944 கோடியே 80 இலட்சம் ரூபாயை மத்திய அரசு விடுவித்தது.

ஹெக்டேருக்கு 17,000 என்றால் ஏக்கருக்கு 7,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உழவு, விதை, நடவு, உரம், களை என்று செலவு செய்தவர்களுக்கு அது எந்த மூலைக்கு? ஈடு எவ்வளவு கொடுத்தாலும், போனது போனதுதான். முன்னால் காப்பதே மேல்.

நாலாவது எச்சரிக்கை

முன்னால் காக்க முடியுமா? முடியும். 1999-ம் ஆண்டு அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் மாண்டார்கள். 2013-ம் ஆண்டு அதே ஒடிசாவைப் "பைலின்" புயல் தாக்கியது. அதுவும் கடுமையான புயல்தான். சுமார் 10 இலட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டவில்லை.

நம் நாட்டு வானிலை இலாகா, புயலுக்கு நாலு கட்டமாக எச்சரிக்கை தருகிறது. முதலாவது, 72 மணி நேரத்துக்கு முன்னால். இரண்டாவது, 48 மணி நேரத்துக்கு முன்னால். மூன்றாவது, 24 மணி நேரத்துக்கு முன்னால். இவை மூன்றும் பெரும்பாலும் கடற்கரைக்கு.

நாலாவது எச்சரிக்கை, புயல் கரை கடப்பதற்கு 12 மணி நேரத்துக்கு முன்னால் வருவது. கரை ஏறிய பிறகு புயல் எந்தப் பக்கம் போகும், உள்நாட்டில் எங்கே பாதிப்பு இருக்கும் என்பதைச் சொல்வது அது.

கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் உரிய எச்சரிக்கை அந்த நாலாவதுதான்! "புயல் எங்கே கரை கடக்கும்?" என்று கேட்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். "கடந்த பிறகு எங்கே போகும்?" என்று கேட்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்குப் புயல் காலம். அந்த மாதங்களில் இவற்றை மறக்க வேண்டாம்.

ஆற்றங்கரையில் இருப்பவர்கள், தங்கள் ஊர் மழையை மட்டும் பார்க்கக்கூடாது. மேலே உள்ள அணையில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு திறக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

மலைச்சரிவில் இருப்பவர்கள், தரையில் புது விரிசல், சாய்ந்த மரம், திடீர் என்று கலங்கி வரும் ஊற்று இவற்றைக் கண்டால் இரவு வரும் வரை காத்திருக்கக்கூடாது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கோ, உறவினர் வீட்டுக்கோ போய்விட வேண்டும்.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், முழங்கால் அளவுதானே என்று இறங்கக்கூடாது. மாடுகளைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகக்கூடாது, அவிழ்த்துவிட வேண்டும். ரேஷன் அட்டை, நிலப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் இவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வைக்க வேண்டும். அறுந்து கிடக்கும் மின்கம்பி அருகில் போகக்கூடாது. ஆபத்து என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் பேசலாம். மாநில அறைக்கு 1070.

வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால், எச்சரிக்கைச் செய்தியைப் பாட்டிக்கும் பக்கத்து வீட்டுக்கும் உரக்கப் படித்துக் காட்டட்டும். படிப்பின் பயன் அதுவும்தான்.

புயலை நிறுத்த யாராலும் முடியாது. அது கடலில் பிறக்கும். காற்று தள்ளும் பக்கம் வரும். ஆனால் அது வருவது இப்போது நாலு நாளுக்கு முன்னால் தெரிகிறது. நம் தாத்தா காலத்தில் அந்த வசதி இல்லை. அடுத்த முறை "புயல் கரை கடந்தது" என்று செய்தி வரும்போது, கள்ளக்குறிச்சிக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டாம். மேற்கே மலையை ஒரு முறை பாருங்கள். ஆற்றை ஒரு முறை பாருங்கள். நமக்குப் புயல் காலம் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது.